காற்றுக்குத் திரும்பாத கிரேன்

முடிச்சண்ணன் கட்டியது எதுவும் அதுவரை தானாக அவிழ்ந்தது கிடையாது. சைட்டில் கம்பிக் கட்டு, பலகைக் கட்டு, சாரத்தின் மூலைகள் எல்லாம் அவர் கைதான். பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கோ கிடந்தது. கூப்பிட ஆள் இல்லை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. துணி காயப்போடும் கயிறு, ஆடுகிற கேட், மூடி நிற்காத டிபன் டப்பா, எதைப் பார்த்தாலும் ஒரு சுற்று, இன்னொரு சுற்று, ஓர் இழுப்பு.

"குளிக்கப் போனா இடுப்புத் துண்டுக்கும் ரெட்டை முடிச்சு போடுற ஆளு" என்று அவர் மனைவி ஊசியக்கா பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பார். "அவசரத்துக்கு அவுக்க முடியாம நின்ன கதையையும் சொல்லவா?"

"சொல்லு, சொல்லு. மானம் போனா அதையும் பிடிச்சுக் கட்டி வச்சுக்கலாம்" என்பார் முடிச்சண்ணன்.

சிரிக்கத்தான் சிரிப்பார். ஆனால் அந்த இரண்டாவது முடிச்சு எங்கிருந்து வந்தது என்பது ஊசியக்காவுக்குத் தெரியும்.

மீசை அரும்பிய வயதில் அவர் லாரியில் சரக்கு கட்டும் வேலை பார்த்தார். வீடு மாறுகிற ஒரு குடும்பத்தின் சாமான்களை ஏற்றி, உச்சியில் ஒரு மெத்தையைப் போட்டு, ஒற்றைக் கயிற்றில் கட்டினார். வண்டி நின்ற இடத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. காற்றே இல்லாத நாளில் மெத்தை எங்கே ஓடிப்போகும் என்று நினைத்தார். வண்டி நெடுஞ்சாலையில் வேகம் பிடித்தது. அசையாமல் கிடந்த அதே காற்று இப்போது எதிரே நின்று தள்ள ஆரம்பித்தது. மெத்தையின் முன்முனைக்கு அடியில் விரல் விட்டதுபோல் புகுந்து, தூக்கி, கயிற்றை உருவிக்கொண்டு போய்விட்டது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவர்மேல் அது இறங்கியது. உயிர் பிழைத்தார்; ஒரு கால் முறிந்தது.

"காத்து வரட்டும்னு காத்திருக்க வேண்டாம்டா. நாம கிளம்பினாலே அது எதுத்து வரும்" என்றார் லாரி டிரைவர். அதைவிட, ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது கால் முறிந்தவர் கேட்டதுதான் முடிச்சண்ணனுக்கு மறக்கவில்லை. "மெத்தைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டுவிட்டு அந்த மனிதர் சிரித்தார். முடிச்சண்ணனால் சிரிக்க முடியவில்லை. அன்றிலிருந்து எதற்கும் இரண்டு முடிச்சு.

இப்போது வேலை செய்யும் சைட்டில் அடுக்குமாடிக் கட்டடம் பாதி எழும்பியிருந்தது. அதன் பக்கத்தில் டவர் கிரேன். கம்பிகளால் பின்னிய கோபுரம். உச்சியில் ஒருபுறம் சுமை தூக்கும் நீளமான கை, மறுபுறம் அதைச் சரிக்கட்டும் கான்கிரீட் கட்டைகள் தொங்கும் குட்டையான வால். கையும் வாலும் சேர்ந்து கோபுரத்தின் தலையில் சுற்றும். அதை ஓட்டுகிறவன் ஊசியக்காவின் தம்பி. நாள் முழுக்க உச்சிக் கூண்டில் உட்கார்ந்திருப்பதால் அவனுக்கு 'மாடிவீட்டுக்காரன்' என்று பெயர். தரையில் அவனுக்கு ஓட்டு வீடுதான்.

கான்ட்ராக்டருக்குத் திடீரென்று ஓர் ஆசை. கம்பெனியின் பெயர் பெரிய சாலையிலிருந்து தெரிய வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். உயரமான இடம் எது? கிரேனின் வால். கனத்த கேன்வாஸில் அச்சடித்த துண்டுகள் ஊசியக்காவின் தையல் கடைக்கு வந்தன. கடை என்றால் வீட்டின் முன்னறைதான். சைட் மதில் சுவருக்கு அந்தப் பக்கம், வரிசை வீடுகளில் நடுவீடு.

துண்டுகளை இணைத்து, நான்கு ஓரமும் வளையங்கள் பதித்த பட்டி வைத்துத் தைத்தார் ஊசியக்கா. தைத்துக்கொண்டே, "நடுவுல நாலு ஜன்னல் வெட்டி விடட்டுமா? காத்து பூந்து போகும்" என்று கணவரிடம் கேட்டார்.

"பேருல ஓட்டை போட்டா அந்தாளு என் மண்டையில ஓட்டை போடுவாரு."

முடிச்சண்ணன் பட்டியின் ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "என்ன இது, சட்டை தைக்கிற நூலு?"

"ஆமா."

"நைலான் நூலு இல்லையா உன்கிட்ட?"

"இருக்கு. துணியவிட நூலு கெட்டியா இருக்கக் கூடாதுங்க. ஒரு இழுப்பு வந்தா தையல் விடணும், துணி கிழியக் கூடாது. தையல் விட்டா மறுபடி போட்டுக்கலாம். துணி போச்சுன்னா போச்சு."

"உன் தொழில்ல விடலாம். என் தொழில்ல விட்டா ஆளு சாவான்."

"அப்ப நீங்களே தைச்சுக்குங்க."

அவர் தைக்கவில்லை. வேறொன்று செய்தார். வாலின் கைப்பிடிக் கம்பிகளில் பேனரை நீளவாக்கில் கட்டி முடித்தபின், முன்னும் பின்னும் கயிறுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, லாரிச் சரக்கைக் கட்டுவதுபோல மொத்தத்தையும் இறுக்கினார். பட்டி பிய்ந்தாலும் பேனர் எங்கும் போகாது. கீழே இறங்கி, அண்ணாந்து பார்த்து, மனைவியிடம் போய்ச் சொன்னார்: "உன் நூலுக்கு இனிமே வேலையே இல்ல."

சைட்டின் இளம் இன்ஜினியர் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். "கிரேன் கொடுத்த கம்பெனில இதைக் கேட்டீங்களா சார்?" என்று கான்ட்ராக்டரிடம் ஒருமுறை கேட்டாள். "போட்டோ எடுத்ததும் கழட்டிடலாம்மா" என்றார் அவர். இரண்டாம் முறை கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. போட்டோவும் எடுத்தார்கள். பேனரைக் கழற்றத்தான் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அந்த மதியம் வானம் ஒரு பக்கமாக இருண்டது. சிமென்ட் காகிதங்கள் தரையில் உருண்டு, பிறகு பறந்து, பிறகு கண்ணில் படாமலே போயின. மழையும் பிடித்துக்கொண்டது. இன்ஜினியர் விசில் ஊதி வேலையை நிறுத்தினாள். மாடிவீட்டுக்காரன் கொக்கியை மேலே ஏற்றி, சுழலாமல் பிடித்து வைக்கும் பிரேக்கை விடுவித்துவிட்டு இறங்கி வந்தான்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். புயல் வருகிறதென்றால் இறுக்கிக் கட்டத்தானே வேண்டும்? கிரேனுக்கு அது நேர்மாறு. சுற்ற விட்டுவிட்டால் காற்று நீளக் கையைத் தள்ளித் தான் போகும் திசைக்கே திருப்பி வைத்துவிடும். அப்போது காற்றுக்கு முன்னால் நிற்பது குறுகலான முனை மட்டும். அகலத்தைக் காட்டி முறைத்துக்கொண்டு நின்றால்தான் ஆபத்து.

"பிரேக்கை எடுத்தாச்சு மாமா. இனிமே அது பாடு, காத்து பாடு" என்றான் மாடிவீட்டுக்காரன், தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டே.

முடிச்சண்ணன் அண்ணாந்து பார்த்தார். முதலில் அவர் கண் போனது கிரேனுக்கு அல்ல, பேனருக்கு. சுற்றிலும் தகரங்கள் அலற, ஒரு மூலைகூடப் படபடக்கவில்லை. பெயர் விறைப்பாக நின்றது. உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை எழுந்தது. அதே பெருமையோடு சாலைக்கு அப்பால் இருந்த இன்னொரு சைட்டைப் பார்த்தார். அங்கிருந்த கிரேனின் கை மழை சாயும் பக்கமே நீட்டிக்கொண்டிருந்தது. மறுபடி தங்கள் கிரேனைப் பார்த்தார். அது காற்றுக்குக் குறுக்கே, கையை விரித்து வழிமறிப்பதுபோல் நின்றது.

"மாப்ள, பிரேக்கை எடுத்தியா?"

"எடுத்தேன்னு சொன்னேனே."

"சத்தியமா?"

"அக்கா மேல சத்தியம்."

"என் பொண்டாட்டி மேல நீ ஏன்டா சத்தியம் பண்ற? மேல பாரு."

அவன் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கியது. கிரேன் கொஞ்சம் திரும்பியது, தயங்கியது, வந்த வழியே திரும்பி மறுபடி குறுக்கே நின்றது. யாரோ பிடித்து வைத்ததுபோல.

இன்ஜினியர் ஓடிவந்தாள். அவளும் பார்த்தாள். சொல்லத் தேவையில்லாத ஒன்றைத் தனக்கே சொல்லிக்கொள்கிறவள்போல் சொன்னாள்: "நடுவுல ஆணி அடிச்ச பலகை. ஒரு பக்கம் மட்டும் தள்ளினா சுத்தும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தள்ளினா அப்படியே நிக்கும். கை நீளம்தான், ஆனா ஓட்டை ஓட்டையா இருக்கு, காத்து பூந்து போயிடும். வாலு..." அவள் நிறுத்தினாள்.

"வாலுல நான் சுவரு கட்டி வச்சிருக்கேன்" என்றார் முடிச்சண்ணன்.

இன்ஜினியர் தலையாட்டினாள்.

"வேகம் ரெண்டு மடங்கானா தள்ளுறது நாலு மடங்கு ஆகும்ணா" என்றாள் அவள். "இப்ப தாங்குது. பெரிய வீச்சு ஒண்ணு இப்படிக் குறுக்க நிக்கும்போது வந்தா..."

காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று மூவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். மதில் சுவர். அதற்கு அப்பால் வரிசை வீடுகள். நடுவில் ஊசியக்காவின் கடை.

அதன்பின் யாரும் நிற்கவில்லை. இன்ஜினியர் போனில் கத்திக்கொண்டே தொழிலாளர் கொட்டகைகளைக் காலி செய்ய வைத்தாள். முடிச்சண்ணன் பின்கேட் வழியாக வரிசை வீடுகளுக்கு ஓடிக் கதவுகளைத் தட்டினார். மழையில் யார் வெளியே வருவார்கள்? "கிரேன் விழும்" என்றதும் வந்தார்கள். கடைசி வீட்டில் இரண்டு காலிலும் மாவுக்கட்டோடு ஒரு டிரைவர் கிடந்தார். பெருத்த உடம்பு. கட்டிலோடு தூக்கலாமென்றால் கதவு குறுகல். ஜன்னல் கம்பியை அறுக்க ஆட்கள் ஓடினார்கள்.

"என்னைத் தூக்கணும்னா இன்னொரு கிரேன்தாம்பா வேணும்" என்றார் டிரைவர். அவரும் சிரிக்கத்தான் பார்த்தார். கை கட்டில் சட்டத்தை விடவில்லை.

முடிச்சண்ணன் அந்த இரண்டு மாவுக்கட்டுகளையும் பார்த்தபடி ஒரு கணம் நின்றார். பிறகு சைட்டுக்குத் திரும்பி ஓடினார்.

கோபுரத்தின் அடியில் இன்ஜினியர் கையில் வாக்கிடாக்கியோடு நின்றாள். உச்சியில் வீசும் காற்றின் வேகத்தைக் காட்டும் சின்னத் திரை அங்கே பெட்டிக்குள் இருந்தது. அதில் ஒரு சிவப்புக் கோடு. எண் அதைத் தாண்டினால் யாரும் ஏறக்கூடாது. எண் கோட்டுக்குக் கீழே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"நான் ஏறுறேன்" என்றார் முடிச்சண்ணன்.

"வேண்டாம்ணா. ஆளுங்கள வெளியேத்தினா போதும்."

"ஒருத்தர வெளியேத்த முடியலம்மா. ஜன்னலு அறுத்து முடியறதுக்குள்ள வீச்சு வந்துடும்."

"வாலுக்கு மேல ஒருத்தரும் போகக் கூடாது. நான் விட மாட்டேன்." அவள் ஏணி வழியை மறித்து நின்றாள்.

அப்போது பின்னாலிருந்து ஊசியக்காவின் குரல் வந்தது. மழையில் தலை நனைந்து, பின்கேட் வழியாக வந்திருந்தார். "வாலு மேல ஏன் போகணும்? கோபுரத்தை ஒட்டின ஓரத்துல இவரு போட்ட கயிறை மட்டும் வெட்டினா போதாதா? மிச்சம் பட்டிதானே. அது என் நூலு. காத்தே பிரிச்சுக்கும்."

இன்ஜினியர் முடிச்சண்ணனைப் பார்த்தாள். "உள்ள நின்னுகிட்டே கை எட்டுமா?"

"எட்டும். கடைசிக் கயிறுக்குக் கொஞ்சம் சாயணும்."

அவள் திரையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்ததுபோல் இருந்தது. "கோட்டைத் தொடல" என்றாள். "பெல்ட் மாட்டுங்க. இன்னொரு வாக்கிடாக்கி இருக்கு, தோள்ல மாட்டிக்குங்க. நான் இறங்கச் சொன்னா இறங்கணும். சொல்லிட்டேன்."

ஊசியக்கா இடுப்பில் செருகியிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார். அதை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. காகிதம் வெட்டக்கூட விடமாட்டார்.

"அவுக்கப் பாக்காதீங்க. உங்க முடிச்சை உங்களாலேயே அவுக்க முடியாது. வெட்டுங்க."

கோபுரத்தின் உள்ளே செங்குத்தான ஏணி. மாடிவீட்டுக்காரன் முன்னே ஏறினான், முடிச்சண்ணன் பின்னே. கீழே இருந்தவரை காற்று சத்தமாக இருந்தது. ஏற ஏற அது எடையானது. ஒவ்வொரு தட்டிலும் மார்பில் கை வைத்துத் தள்ளியது. மூச்சை வாயிலிருந்து பிடுங்கியது. கம்பிகள் வழியாகக் கோபுரத்தின் நடுக்கம் உள்ளங்கைக்குள் வந்தது. மெத்தை நினைவுக்கு வந்தது. அன்றைக்கு விட்டுப்போன கயிறு. இன்றைக்கு விடமாட்டேன் என்கிற கயிறு. காற்று என்னவோ அதேதான்.

கையும் வாலும் உட்கார்ந்து சுழலும் வளையத்துக்குக் கீழே மாடிவீட்டுக்காரன் நின்றுகொண்டான். "மாமா, வளையத்துக்கு மேல போயிடுங்க, இல்ல கீழ இருங்க. ரெண்டுக்கும் நடுவுல கைய வச்சிடாதீங்க. சுத்த ஆரம்பிச்சா நறுக்கிடும். மேல போனா உங்களையும் சேத்துதான் சுத்தும், பயந்துடாதீங்க."

"நல்லா தைரியம் சொல்றடா."

மேல் தட்டில் அவர் பெல்ட்டைக் கம்பியில் மாட்டினார். அது போதாதென்று ஒரு கயிற்றை இடுப்பில் சுற்றிக் கம்பியோடு கட்டினார். ஒரு முடிச்சு. இன்னொரு முடிச்சு.

பேனரின் ஓரம் ஒரு கை தூரத்தில் இருந்தது. கயிறு ஈரத்தில் ஊறிக் கல்லாகியிருந்தது. மனைவி அவ்வளவு சொல்லியும் விரல்கள் முதலில் முடிச்சைத்தான் தேடின. நகம் வளைந்தது. அசையவில்லை. என்ன கட்டு கட்டியிருக்கிறான் பாவி என்று நினைத்தார். அந்தப் பாவி தானே என்பது உடனே உறைத்தது. கத்தரிக்கோலைத் திறந்தார்.

முதல் கயிறு அறுந்தபோது கன்னத்தில் சாட்டைபோல் அடித்தது. இரண்டாவது. மூன்றாவது. பேனர் முதன்முறையாக மூச்சு விட்டதுபோல் ஒரு பக்கம் புடைத்தது. தோளிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

"ஏறுதுண்ணா. கோட்டுகிட்ட வந்துடுச்சு."

"ஒண்ணுதாம்மா இருக்கு."

"இறங்குங்க. இப்பவே இறங்குங்க."

அவர் அப்போது பாதி சாய்ந்திருந்தார். கத்தரியின் வாய்க்குள் கயிறு இருந்தது. கீழே வரிசை வீடுகளின் கூரைகள். கடைசி வீட்டு ஜன்னலில் பொறி பறந்தது, இன்னும் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் கையை மூடினார்.

கயிறு அறுந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

பேனர் புடைத்து நின்றது, அவ்வளவுதான். வளையங்கள் கம்பியைப் பிடித்திருந்தன. பட்டி வளையங்களைப் பிடித்திருந்தது. துணி பட்டியைப் பிடித்திருந்தது. சட்டை தைக்கிற நூலா இது? அவருக்கு அழுகை வந்தது. "விடுடி" என்று நூலைப் பார்த்தா மனைவியைப் பார்த்தா என்று தெரியாமல் கத்தினார்.

அப்போதுதான் பெரிய வீச்சு வந்தது. கோபுரம் முழுக்க ஒரு பக்கமாக முனகியது. ஏதோ மேல்மூலையில் 'டக்' என்றது. பிறகு டக், டக், டக் என்று தையல் மெஷின் ஓடுவதுபோல ஒரே ஓட்டமாகப் பட்டி பிரிந்தது. துணி அவர் முகத்துக்கு முன்னாலிருந்து உருவிக்கொண்டு போய், ஒரு முனையில் கொடிபோல நீண்டு படபடத்தது. சுவராக நின்றது துணியாகிவிட்டது.

கிரேன் திரும்பியது. முதலில் மெதுவாக, பிறகு சைட், சாலை, மதில், கூரைகள் எல்லாம் அவருக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போயின. அவர் கம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார். இடுப்புக் கயிறு இறுகி விலாவை நெரித்தது. ஆடி, கொஞ்சம் தாண்டிப் போய், திரும்பி வந்து, நின்றது. கண்ணைத் திறந்தபோது மழை நேராக அவர் முகத்தில் அடித்தது. நீளக் கை முதுகுக்குப் பின்னால், காற்று போகும் வழியிலேயே நீட்டிக்கொண்டிருந்தது. கோபுரத்தின் முனகல் நின்றிருந்தது. வாலின் நுனியில் மிச்சத் தையலும் விட்டது. பேனர் ஒரு பெரிய சலிப்போடு எழும்பி, வரிசை வீடுகளைத் தாண்டிக் காலி மனையில் போய் விழுந்தது.

"மாமா! இருக்கீங்களா?" என்று கீழ்த் தட்டிலிருந்து குரல்.

"இருக்கேன்டா. என்னால இறங்கத்தான் முடியல."

"ஏன், அடி பட்டுச்சா?"

"இடுப்புக் கயிறு அவுக்க வரல."

கத்தரிக்கோல் இருக்கிறதே என்று அவருக்கு அப்புறம்தான் நினைவு வந்தது. அந்த ஆட்டத்திலும் கை அதை விடாமல் பிடித்திருந்தது. ஆனால் விரல்கள் விரியவில்லை. பிடித்தது பிடித்தபடியே விறைத்திருந்தன. வீச்சு தணியும்வரை காத்திருந்து, மாடிவீட்டுக்காரன் மேலே வந்து இடுப்புக் கயிற்றைத் தன் கத்தியால் கம்பியிலிருந்து அறுத்து, படிப்படியாகத் தாங்கிக் கீழே கூட்டிவந்தான். இடுப்பைச் சுற்றிய வளையம் அப்படியே இருந்தது.

அடியில் இன்ஜினியர் நின்றாள். திட்டப் போகிறாள் என்று அவர் நினைத்தார்.

"இறங்கச் சொன்னேன்ல" என்றாள்.

"சொன்னீங்கம்மா."

"நீங்க வெட்டலன்னாலும் அந்த வீச்சுல அதுவே பிரிஞ்சிருக்குமோ என்னவோ. பிரியாமலும் போயிருக்கலாம்." அவள் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். எண் மறுபடியும் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது. "எனக்குத் தெரியலண்ணா. பேனர் கட்டினப்பவே நான் ரெண்டாம் தடவை கேட்டிருக்கணும். அது மட்டும்தான் தெரியுது."

அவள் போன் அடித்தது. கான்ட்ராக்டர். பேனர் பத்திரமா என்று கேட்பது மூவருக்கும் கேட்டது. அவள் நிதானமாக, "இல்ல சார். இனிமே அது மேல போகாது" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

கடைசி வீட்டில் ஜன்னல் கம்பி ஒருவழியாக அறுபட்டிருந்தது. டிரைவர் இனிமேல் எதற்கு என்று வெளியே வர மறுத்துவிட்டாராம். "இவ்வளவு பெரிய ஜன்னல் வச்சுக் கொடுத்ததுக்கு நன்றின்னு சொல்லச் சொன்னாரு" என்று ஒருவன் வந்து சொன்னான்.

ஊசியக்கா காலி மனைக்குப் போய்ப் பேனரின் ஒரு முனையை இழுத்துக்கொண்டு வந்தார். சேறு அப்பியிருந்தது. ஓரத்தை மழையில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் நெருடினார். நூல் சுத்தமாக விட்டிருந்தது. துணியில் ஒரு கீறல் இல்லை. அவர் அதைக் கணவரிடம் காட்டவில்லை. காட்ட வேண்டியிருக்கவில்லை, அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"கெட்டியாத்தான் தைச்சிருக்க" என்றார் முடிச்சண்ணன். "விடவே மாட்டேன்னுடுச்சு. பயந்துட்டேன்."

"தையக்காரி தைச்சா கொஞ்ச நேரமாவது நிக்க வேண்டாமா?" என்றார் ஊசியக்கா. பிறகு அவர் இடுப்பைப் பார்த்தார். ஈரக் கயிறு சட்டைக்குள் புதைந்து, அதன்மேல் ரெட்டை முடிச்சு புடைத்துக்கொண்டிருந்தது. "வலிக்குதா?"

"மூச்சு விடத்தான் வரல."

ஊசியக்கா அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கத்தரிக்கோலை வாங்கினார். கயிற்றுக்கும் சட்டைக்கும் நடுவே அதன் தட்டையான வாயை மெல்ல நுழைத்தார். தன் கயிற்றை யாராவது வெட்ட வந்தால் ஊரைக் கூட்டுகிற மனிதர், கைகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு, மழையில் ஒன்றும் பேசாமல் நின்றார்.